கதவுக்கு இந்தப் பக்கம்

பண்டிகைக்கு அண்ணனுக்கு என்ன வாங்குவது என்று முடிவு செய்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் பரிசைக் காகிதம் சுற்றித் தருவதில்லை. சின்ன வயதில் வண்ணக் காகிதத்துக்கு வழியில்லாத ஒரு வருடம், நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பரிசைத் தட்டிக் காட்டினேன். அது என்னவென்று வெளியிலிருந்து அண்ணன் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கதவு திறக்கும். இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவனுக்குப் பாட்டென்றால் உயிர். பாடுகிறவர் கொஞ்சம் பிசகினாலும் பல்வலி வந்தவன் மாதிரி முகத்தைச் சுளிப்பான். ஒரு தடவை அவனை ஏமாற்றப் பார்த்து, என் சீப்பை எடுத்து நகத்தால் வருடினேன்.

"சீப்பு. அதுவும் உன் சீப்பு. நடுவுல ரெண்டு பல்லு இல்ல," என்றான்.

அப்படிப்பட்ட காது.

போன மாதம் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அண்ணி ஃபிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அது கீ... கீ... என்று கத்தத் தொடங்கியது. பக்கத்து நாற்காலியில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "அந்த அழுமூஞ்சி வாயை மூடுங்கப்பா" என்று எப்போதும் முதலில் சத்தம் போடுகிறவன் அவன்தான். நான் காத்திருந்தேன். அவன் நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினான். கடைசியில் நானே போய்ச் சாத்தினேன்.

"எதுக்கு எந்திரிச்ச? தண்ணி வேணுமா?" என்றான்.

அவன் வேலை செய்வது டப்பா மூடி அடிக்கும் ஆலையில். அவன் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். இயந்திரத்தின் மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக எதிரெதிரே நிற்பார்கள். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். கீ, கீ என்று இரண்டு முறை கத்தி எச்சரித்துவிட்டு மேலிருந்து அச்சு இறங்கும். ஃபிரிட்ஜ் கத்துமே, அதே மெல்லிய குரல். அந்த இரைச்சலுக்குள் அவன் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறான்.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். பொத்திய கண்ணை விரலிடுக்கில் திறந்து வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்டால் அண்ணன் சிரிப்பான். சிரித்தபடியே அடுத்த நாள் வேலைக்குப் போவான். அவன் விரல்களை நினைத்தபோதெல்லாம் என் விரல்களை நானே மடக்கிக்கொண்டேன்.

இசைக்கருவிக் கடைக்காரர் நல்ல குண்டு. நாற்காலியை விட்டு எழாமலே எல்லாவற்றையும் எட்டி எடுத்தார். மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன். ஏழாவது மணிக்கு அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, மாப்பிள்ளை பாக்கக்கூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்க. யாருக்கு?"

"எங்கண்ணனுக்கு."

"வாசிப்பாரா?"

"கேப்பான்."

"அப்ப ஒரு சின்ன டிரம் எடுத்துட்டுப் போங்க. செவிடனுக்கும் கேக்கும்."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை. பத்தாவது மணி, கட்டைவிரல் அளவு, ஃபிரிட்ஜின் அதே குரலில் கீ என்றது. மணியை வாங்கினேன். அப்புறம், தைரியம் போய், டிரம்மையும் வாங்கினேன். டிரம்மைத் தட்டினால் அவன் உடனே சொல்லிவிடுவான். எல்லோரும் சிரிப்போம். பண்டிகை நல்லபடியாகப் போகும்.

பண்டிகையன்று காலை அவன் வீட்டில், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஒரு கையில் மணி. பையில் டிரம்.

"என்ன, உள்ள தூங்கிட்டியா? எனக்கு வயசாகுதுல்ல," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

கை தானாக டிரம்மைத் தொட்டது. கையை எடுத்துவிட்டேன். மணியைக் கயிற்றில் பிடித்து, டிரம் குச்சியால் ஒருமுறை தட்டினேன்.

வெளியே சத்தமில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. இன்னொருமுறை தட்டினேன். மணியின் அதிர்வு அடங்குகிறவரை மூச்சு விடவில்லை.

"மணி!" என்றான் அண்ணன்.

கதவில் சாய்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கதவைத் திறக்கத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. சீப்பில் எத்தனை பல் இல்லை என்று சொன்னவன், வெறும் மணி என்கிறான்.

"என்ன மணி?" என்றேன்.

"நல்ல மணி."

கதவைத் திறந்தேன். அண்ணன் நடுக்கூடத்தில் நின்றிருந்தான். அவனுக்கு எதிரே, எனக்கு முதுகைக் காட்டியபடி, அண்ணி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மணியாட்டுகிற மாதிரி தூக்கிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஒரு வருஷமாச்சு," என்றாள் அண்ணி. "சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

"பாட்டு கேக்குது," என்றான் அண்ணன் அவசரமாக. "நீ பேசுறது கேக்குது. மேல மேல போற சத்தம் மட்டுந்தான்... அது இல்லாமலும் பாட்டு நல்லாத்தான் இருக்கு."

"நான் பாட்டைக் கேக்கல. ஆலையில என்ன பண்ற?"

"எதிர்ல நிக்கிறவன் கையைப் பாத்துப்பேன். அவன் எடுத்தா நானும் எடுப்பேன். பழகிடுச்சு."

"அவன் லீவு போட்டா?"

"நாளைக்கு அவன் லீவு." தரையைப் பார்த்தான். "புது ஆளு போடுறாங்க."

"புது ஆளு கையையும் பாத்துப்பியா?"

"அவன் புதுசு இல்லையா," என்றான் மெதுவாக. "அவன் என் கையைப் பாப்பான்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது அவளுக்கே புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது. இத்தனை நாள் இரண்டு கைகளுக்குப் பயந்தேன். இப்போது நான்கு.

அண்ணன் என் கையிலிருந்து மணியை வாங்கி, காதருகே வைத்துத் தட்டினான். எனக்கு அது அறை முழுக்கக் கேட்டது. அவன் தலையைச் சாய்த்து, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல் காத்திருந்தான். பிறகு மணியை மேசைமேல் வைத்தான்.

"ஆலை நம்பர் குடு," என்றேன். "உங்க சூப்பர்வைசர்கிட்ட பேசணும்."

"வேலையை விட்டு அனுப்பிட்டா?"

"வேற வேலை கேப்போம். இல்லைன்னா பாத்துக்கலாம். கை போனா எதைக்கொண்டு தாளம் போடுவ?"

"இன்னைக்கு பண்டிகைடி."

"நாளைக்கு காலையில ஷிஃப்ட்டு."

அவன் போனை எடுத்து, எண்ணைத் தேடி, தானே அழுத்தி, என்னிடம் நீட்டினான். "நீயே பேசு. எனக்கு வாய் வராது."

காதில் வைத்தேன். மறுமுனையில் அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது எடுத்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.