நாற்பத்தொரு பேர் பார்த்த பிரேக்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. என் சம்பந்தி காப்புரிமை வக்கீல்; பேச்சுவாக்கில் அவர் உளறியது. பெயர்களை விட்டுவிடச் சொன்னார், விட்டுவிட்டேன்.

"சக்கர நாற்காலி மெக்கானிக் ஒரு மேதை" என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். மேதையாவது மண்ணாவது! அவனுடைய அக்கா ஒருநாள் பிரேக் போட மறந்து எழுந்தாள், நாற்காலி பின்னால் நழுவியது, இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த ஆத்திரத்தில் செய்தான், ஆள் எழுந்ததும் தானே பிடித்துக்கொள்ளும் ஒரு பிரேக்.

2

(கொஞ்சம் சட்டம். கொட்டாவி வந்தால் மூன்றுக்குத் தாவிவிடுங்கள்.)

காப்புரிமை என்பது ஒரு பேரம். உன் வித்தையை ஒளிக்காமல் எழுதிக்கொடு. இருபது வருஷம் உன்னைக் கேட்காமல் யாரும் அதைச் செய்து விற்க முடியாது. அப்புறம் அது ஊர்ச்சொத்து. ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னால் உலகம் அதைப் பார்த்திருக்கக் கூடாது. நீயே காட்டியிருந்தாலும் போச்சு. [இங்கே நல்ல உதாரணம் ஒன்று]

3

உதாரணம் அக்காதான். தானே பிடிக்கும் பிரேக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. பழைய நாற்காலியில் ஒரே ஸ்பிரிங்கால் மாட்டும் இவன் வழிதான் புதுசு. காப்புரிமை வந்தால் தயாரிக்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. அடுத்தவன் பட்டறையில் கூலிக்கு ஸ்பேனர் பிடிக்கும் பிழைப்பு அதோடு தீரும்.

யாருக்காவது காட்டினீர்களா என்று வக்கீல் கேட்டார். இல்லவே இல்லை என்றான். பக்கத்தில் அக்காவின் முகம் செத்துவிட்டது. தம்பியைப் பற்றிய பெருமை தாங்காமல், மாட்டும் விதம் உட்பட வீடியோ எடுத்து மூன்று வாரம் முன்பே ஊரறியப் போட்டிருந்தாள்.

"நாப்பத்தொரு பேர்தான் பார்த்திருக்காங்க. அழிச்சிடறேன்டா," என்றாள்.

அழித்தாலும் பார்த்தது பார்த்ததுதான், சில நாடுகளில் காட்டிய பிறகும் விண்ணப்பிக்கச் சலுகைக்காலம் உண்டு, இந்த மாதிரி வீடியோவுக்கு இங்கே கிடையாது என்றார் வக்கீல். ஆனால் ஸ்பிரிங் நாளடைவில் தளராமலிருக்க அவன் செய்திருந்த ஒரு சின்ன வேலை வீடியோவில் வரவில்லை. அதற்கு மட்டும் விண்ணப்பிக்கலாம், எழுதி முடிக்கப் பத்து நாள் ஆகும், அதுவரை மூச்சு விடக்கூடாது.

(அது என்ன வேலை என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் நாற்பத்திரண்டாவது ஆள்.)

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் வீடியோவின் கீழே ஒரு பெண் எழுதியிருந்ததைப் பார்த்தான்: "ஒரு மாசம் ஆகப்போகுது மாட்டி"

இல்லை, தேதி இடிக்கிறது. மறுபடி: "வீடியோ பார்த்து அப்பா நாற்காலியில மாட்டி ரெண்டு வாரமாச்சு. அப்பா ஒரு தடவைகூட விழல. இப்ப லேசா நழுவுது, ஏன்னு தெரியல." அவனுக்குத் தெரியும்: அந்தச் சின்ன வேலை செய்யாத ஸ்பிரிங் தளர ஆரம்பித்துவிட்டது.

4

முடிவு அ: பத்து நாள் வாயை மூடிக்கொள்கிறான். முடிவு ஆ: பெருந்தன்மையாக எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான், எல்லாரும் கைதட்டு... சீ, அவனுக்கு வயிறு எரிந்தது. கழற்றிவிடச் சொல்லலாமே என்கிறீர்களா? கழற்றினால் பழைய நாற்காலி, பழைய விழுதல். தனியாகச் சொன்னாலும், ரகசியம் காக்கக் கடமைப்படாத ஒருத்திக்குச் சொன்னது வெளியே சொன்னதுதான். அங்கே எழுதினால் எல்லார் கண்ணிலும் படும்.

"உன் இஷ்டம்டா. விழுந்தா எப்படி இருக்கும்னு மட்டும் என்னைக் கேக்காதே," என்றாள் அக்கா.

அவன் போனை வாங்கித் தட்டினான்: "அம்மா, அந்த ஸ்பிரிங்கை"

அனுப்பினானா என்று சம்பந்திக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லப்போவதில்லை. அந்த அப்பா உங்கள் அப்பா என்று வைத்து ஒருமுறை முடித்துப் பாருங்கள். அந்தத் தம்பி உங்கள் தம்பி என்று வைத்து இன்னொரு முறை.