கேக்குக்குப் பிறகு ஒரு பாட்டு

வேலையில் சேருவது சுலபம், விட்டுப் போவதுதான் பெரும்பாடு என்பது குயிலுக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் விளங்கியது. சேரும்போது ஒரே ஒரு கையெழுத்து கேட்டார்கள். போகும்போது ஆறு கேட்டார்கள்.

குயில் என்பது அந்தக் காப்பீட்டு அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். பதினோரு வருஷமாக மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, இடிபட்ட கார்களுக்கும் எரிந்துபோன கடைகளுக்கும் கோப்பு எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது ஓய்வு பெற்றாலும், மாற்றலாகிப் போனாலும், சாப்பாட்டுக் கூடத்தில் வழியனுப்பு விழா நடக்கும். அதில் அவள்தான் பாடுவாள். அவள் பாட்டைக் கேட்காமல் யாரும் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போனதில்லை. அத்தனை வருஷத்துக் கைதட்டலையும் மனசுக்குள் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, நாற்பது வயதை எட்டப் போகிற நேரத்தில், இனி முழு நேரமும் பாட்டுதான் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"ஏன், வேலையில இருந்துகிட்டே பாடினா தொண்டையில சத்தம் வராதா?" என்று கேட்டாள் நாத்தனார்.

வீட்டுக்காரர் எதிர்ப்பேச்சு பேசவில்லை. தங்கமான மனுஷர்தான். ஆனால் அவருக்குப் பாட்டும் ஒன்றுதான், துணி துவைக்கிற இயந்திரம் சுற்றுகிற சத்தமும் ஒன்றுதான். "உனக்குப் பிடிச்சா சரி" என்றார். அந்த இயந்திரம் வாங்கும்போதும் அதையேதான் சொன்னார்.

மெல்லிசைக் குழு நடத்துகிற ஒருவர் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். விழாவில் பாடியதைச் செல்போனில் பதிந்து அனுப்பியிருந்தாள். பாட்டு முடிந்ததும் கிளம்பிய கைதட்டல் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு வந்தவங்களால நான் பட்டது போதும்மா. சரியா கச்சேரி அன்னைக்குத்தான் அவங்களுக்கு ஆபீஸ்ல அவசர வேலை வரும். உன்னை விடுவிச்சாச்சுன்னு ஆபீஸ் கொடுக்கிற கடிதத்தைக் கையில கொண்டா. வெள்ளிக்கிழமை ஆறரைக்கு ஒத்திகை. கடிதம் இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அந்தக் கடிதம் வேண்டுமென்றால் முதலில் ஒரு படிவத்தில் ஆறு கையெழுத்து வேண்டும். அலுவலகத்துச் சாமான் எதுவும் இவளிடம் இல்லை என்று ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினோரு மணிக்கு மூன்று கையெழுத்து சிரமமில்லாமல் விழுந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார இடமில்லை. அவள் நாற்காலியில் திங்கட்கிழமையிலிருந்தே புதிதாக வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். உயரத்தைக்கூடத் தன் காலுக்கு ஏற்ற மாதிரி இறக்கி வைத்திருந்தாள். இனி பின்வாங்க வழியில்லை என்று அந்த நாற்காலியே சொல்லிற்று.

நான்காவது கையெழுத்து கம்ப்யூட்டர்காரருடையது. மடிக்கணினியை வாங்கி வைத்தார். பேனாவை எடுத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், நீங்க பாட்டுக்குத்தானே போறீங்க? தப்பா நினைக்காதீங்க. நானும் கொஞ்சம் பாடுவேன். கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பாடினார். குளியலறையில் பாட வேண்டியதைக் குளிர்சாதன அறையில் பாடினார். குயில் கடிகாரத்தைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கு சார்" என்றாள். கையெழுத்து விழுந்தது.

அடுத்தவர் வாசல் காவலுக்குத் தலைவர். மீசையை ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் சீட்டியிலேயே அடித்தார். "பிரமாதம் சார்." ஐந்தாவது கையெழுத்து. நல்ல வார்த்தை இருக்கிறதே, அது எந்தப் பூட்டுக்கும் சேருகிற சாவி என்று அவள் அன்றைக்குக் கண்டுகொண்டாள். அப்படிப்பட்ட சாவி கையில் இருக்கிறவர்கள் திருடாமல் இருப்பது கஷ்டம்.

ஆறாவது கையெழுத்து அடித்தளத்தில் இருந்தது. நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஸ்டோர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்க்காமல் எதையும் உள்ளே வாங்கமாட்டார். அவரும் கதவைச் சாத்தினார்.

"குயிலம்மா, வெளியில யார்கிட்டயும் சொன்னதில்லை. சின்ன வயசிலேர்ந்து ஒரு ஆசை."

கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாட்டு ஒரு தெருவில் போயிற்று, அவர் அடுத்த தெருவில் போனார். எந்த முனையிலும் இருவரும் சந்திக்கவில்லை. ஆனால் உயிரைக் கொடுத்துப் பாடினார். குயிலுக்கு அவசரம். அவசரத்தில் சாவியைக் கொஞ்சம் பலமாகவே திருகிவிட்டாள்.

"அண்ணே, இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டா இந்த நாற்காலிக் குப்பையில கிடக்கறீங்க?"

அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "மேல போய் உன் அலமாரியை ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன். நாலு மணிக்கு வாங்கிக்கோ."

நாலு மணிக்குப் போனாள். படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் பளபளவென்று காத்திருந்தன. அவர் வேறொரு தாளில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"இதையும் பார்த்துட்டுப் போம்மா. உனக்கு இங்கிலீசு நல்லா வரும். ராஜினாமான்னா எப்படி முடிக்கணும், நன்றியோடயா, வணக்கத்தோடயா?"

"யாருக்கு ராஜினாமா?"

"எனக்குத்தான். நீ சொன்னதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலை. பெரியவ காலேஜுல ரெண்டாம் வருஷம், சின்னவளுக்கு இன்னும் பள்ளிக்கூடமே முடியலை. இருக்கட்டும். உனக்கு வந்த தைரியம் எனக்கு வரக் கூடாதா? சாப்பாட்டுக் கூடத்துல விழா நடக்கறப்பவே மேனேஜர்கிட்ட கொடுத்துடலாம்னு இருக்கேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தக் குயில் தன் வாயால் இன்னொருவரைக் கெடுத்துவிட்டு நின்றாள். படிவத்தை எடுத்துக்கொண்டாள். "நன்றியோட முடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியேறினாள். ஏழாவது படியில் அண்ணனின் இரண்டு பெண்களும் அவள் மனசில் முன்னால் வந்து நின்றார்கள். பார்த்ததே இல்லாத முகங்கள், அதனால் அவர்களை நகர்த்திவிட்டுப் போகவும் முடியவில்லை. இறங்கி வந்தாள்.

"அண்ணே, நான் சொன்னது பொய்."

"எது, நன்றியோடங்கறதா?"

"குரலைப் பத்திச் சொன்னது. இந்தக் கையெழுத்துக்காகச் சொன்னேன். அவசரத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் பேனாவை மூடினார். வெகுநேரம் மூடினார்.

"சுருதி சேரலையா?"

"சேரலை."

"ஒரு இடத்துலகூடவா?"

பொய் சொல்லி அலுத்துப் போயிருந்தவளுக்கு உண்மை தன்னை மீறி வந்தது. "ஆரம்பிக்கறதுக்கு முன்னால தொண்டையைச் செருமினீங்களே, அது சேர்ந்துச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து போனாள், சிரிப்பு. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதில் கொஞ்சம் மற்றதும் இருந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ரெண்டு மணி நேரம் பாடகனா இருந்தேம்மா. நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு, கோபமே இல்லாமல், நாற்காலிக் காலை ஆட்டிப் பார்க்கிறவரைப் போலவே கேட்டார்: "ஆமா, எனக்கு நீ சொன்ன மாதிரி, உனக்கும் யாராவது சொல்லியிருப்பாங்களோ?"

"அண்ணே, பதினோரு வருஷம். அறுபது பேர் கை தட்டினாங்களே."

"உன் பாட்டு முடிஞ்சாத்தானே கேக் வெட்டுவாங்க?"

குயிலுக்கு ஒவ்வொரு விழாவும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் பாடுவாள். மேசைமேல் கேக் இருக்கும், பக்கத்தில் கத்தி இருக்கும். கடைசி அடியில் அவள் இழுக்கும்போதே கூட்டம் முன்னால் நகரும். அதைப் பாட்டுக்கு மயங்கி வருகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கண்ணே. நான் பாடினா நல்லா இருக்குமா?"

"என்னைக் கேட்டா? நான் பின்னால நின்னு நாற்காலி எண்ணிக்கிட்டு இருப்பேன். கொண்டு போனது திரும்பி வரணுமே."

ஐந்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுடைய வழியனுப்பு விழா. நாற்காலிகள் வரிசையாக நின்றன. மேசைமேல் பெரிய கேக், அதன் மேல் சர்க்கரையில் ஒரு பறவை. குயில் என்று சொல்லிச் செய்யச் சொன்னார்களாம், வந்திருந்தது கோழி மாதிரி இருந்தது. மேனேஜர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நல்ல வார்த்தை பேசினார்.

"எல்லாரையும் பாடி அனுப்பின நம்ம குயில், இப்ப தன்னையே பாடி அனுப்பிக்கப் போறாங்க."

கூட்டம் சிரித்தது. குயில் எழுந்தாள்.

"சார், முதல்ல கேக்கை வெட்டிடலாம்."

"அது வழக்கமில்லையேம்மா."

"இன்னைக்கு மட்டும் சார்."

வெட்டினாள். தானே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள். மேனேஜரிடமிருந்து கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். எல்லோர் வாயும் நிறைந்த பிறகு நடுவில் வந்து நின்றாள்.

"பஸ் பிடிக்கணும்னு இருக்கறவங்க, வீட்டுல வேலை இருக்கறவங்க, தாராளமா கிளம்புங்க. நான் யாரையும் தப்பா நினைக்க மாட்டேன். இருக்கறவங்களுக்கு ஒரு பாட்டு பாடறேன்."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால். கேட்க வேண்டுமா? முதலில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பேர் தட்டு வைக்கப் போகிறவர்களைப் போல எழுந்து, தட்டோடு கதவைத் தாண்டினார்கள். பிறகு மதகு திறந்த மாதிரிப் போனார்கள். சீட்டி அடித்த காவல் தலைவர் வாசலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். குயில் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், மூடவில்லை. எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் பாட ஆரம்பித்தாள்.

முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நிலைக்கு வந்தது. மேனேஜருக்குப் போன் வந்தது; வெளியே போனார். பாட்டின் நடுவில் கீழே இறங்குகிற இடம் ஒன்று உண்டு. வழக்கமாக அங்கே சிரித்து ஒப்பேற்றிவிடுவாள். இன்றைக்குச் சிரிக்கத் தெம்பில்லை, ஆகவே பாடினாள். போன் பேசி முடித்த மேனேஜர் திரும்பி உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட புதிய பெண், இழுப்பறைச் சாவி கேட்க வந்தவள், கதவில் சாய்ந்தபடியே நின்றுவிட்டாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. அறுபது பேர் தட்டினால் அது ஒரு இரைச்சல். இப்போது ஒவ்வொரு கையும் தனித்தனியாகக் கேட்டது.

ஸ்டோர் அண்ணன் காலி நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார்.

"எத்தனைண்ணே?"

"ஆள் உக்கார்ந்திருந்தது பதினெட்டு. அதுல கம்ப்யூட்டர்காரர் ரெண்டாவது துண்டு சாப்பிட்டுக்கிட்டு இருந்தார், அவரைக் கழிச்சுடு. ஓரத்துல ஒருத்தர் தூங்கிட்டார்."

"பதினாறு."

"கதவுகிட்ட நின்ன பொண்ணை நான் எண்ணலை. நாற்காலி இருந்தாத்தான் எனக்குக் கணக்கு." அவர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துக் காலை ஆட்டிப் பார்த்தார். "போதுமாம்மா?"

குயில் யோசித்தாள். பதினோரு வருஷம் அறுபது பேர் என்று நம்பியிருந்தவளுக்குப் பதினேழு என்பது குறைச்சல்தான். ஆனால் அந்தப் பதினேழு பேர் கையிலும் தட்டு இல்லை.

"ஆரம்பிக்கறதுக்குப் போதும்ணே."

சாவியைப் புதிய பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினாள். ஒத்திகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பஸ்ஸுக்கு நாலு நிமிஷம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.