துடைக்காத பெட்டி

இருபத்து மூன்றாம் எண் எலி ஐந்து நிமிடம் ஓடி முடித்தபோது கணினியில் விழுந்த கோடு, அளப்பவரின் மனைவி அன்று காலை வீட்டில் நடந்த நடையாக இருந்தது. அடுக்களை, குழாயடி, மகனின் பூட்டிய அறை, திரும்ப அடுக்களை. பூட்டிய அறை இருக்கும் மூலையில் கோடு நாற்பது நொடி நின்றிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், காலையில் அந்தக் கதவருகே நின்றாயா என்று கேட்டார். நின்றேன் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் பொருந்தியது, அதற்கு மறுநாளும் பொருந்தியது. அளப்பவர் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. எலி யாருடைய நடையை நடந்தது என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் இருபத்தோரு வருடமாக எலிகளின் பயத்தை அளந்துவந்தார். ஒரு வெள்ளைப் பெட்டி, மேலே ஒரு கேமரா. பயந்த எலி சுவரை ஒட்டியே ஓடும், பயம் தெளிந்த எலி நடுவுக்கு வரும். நடுவில் எத்தனை நொடி, மொத்தம் எத்தனை மீட்டர், போட்ட புழுக்கை எத்தனை என்று குறிக்க வேண்டும். புழுக்கை எண்ணவா இவ்வளவு படிப்பு என்று மைத்துனர் ஒருமுறை கேட்டார். அதன்பின் அளப்பவர் மைத்துனர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாதி எலிக்கு மருந்து, பாதிக்கு உப்புத்தண்ணீர். எதற்கு எது என்பது ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் அலமாரிக்குத்தான் தெரியும். ஐந்து நிமிடம் ஆனதும் எலியைத் தூக்கி வெளியே எடுத்துவிட்டு, பெட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் அடுத்த எலி முன்னதன் வாடையைப் பிடித்துக்கொண்டு போகும், அளந்ததெல்லாம் குப்பை. அவர் துடைக்காத நாளே கிடையாது. சோதனை தொடங்கி நாற்பத்திரண்டாம் நாள் எல்லா எலிகளையும் கொன்று மூளையை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு வருத்தம் என்று ஒன்றும் இருந்ததில்லை.

மனைவி ஏன் சுவரை ஒட்டியே நடக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் கூடத்தின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி, படிப்பைப் பாதியில் விட்டுவந்த மகனிடம், "இனிமே நீ இந்த வீட்டுக் கணக்குலயே கிடையாது" என்று சொல்லிவிட்டார். பையன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதன்பின் போனும் இல்லை, தகவலும் இல்லை. அன்றிலிருந்து அவள் கூடத்தின் நடுவை மிதிக்கவில்லை. அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டாள். அவர் அதே நாற்காலியில் சாப்பிட்டார். முதல் வருடம் அவருக்கு நெஞ்சை அடைத்தது. பிறகு ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துப்போனது. இருபத்து இரண்டாம் எலி நேராக நடுவுக்குப் போய் நாலு நிமிடம் அசையாமல் கிடப்பதைப் பார்த்து, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டரம்மா மகிழ்ந்தபோதுதான், அது தன்னுடைய நடை என்று அவருக்கு உறைத்தது. அது தைரியம் இல்லை என்று டாக்டரம்மாவிடம் அவர் சொல்லவில்லை.

இருபத்து நான்கு ஒரு கோணல் எலி. தினமும் ஒரு மூலையில் சின்னதாக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, சுவரோரமாகவே எங்கோ போகும். அந்த வழி அவருக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இல்லை. பிறவிக் கோளாறு என்று குறித்துவைத்தார். வீணான தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போவது அவர் வழக்கம், மனைவி பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதுவாள். முப்பதாம் நாள் அவள் இருபத்து நான்கின் கோடு அச்சான ஒரு தாளைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரோரமாகவே வந்து, அவருக்கு எவ்வளவு பக்கத்தில் வர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நின்றாள்.

"இவன் பல் தேய்க்கிறான்" என்றாள்.

பிரஷை வாயில் வைத்ததும் நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றுவது பையனுக்கு ஐந்து வயதிலிருந்து இருந்த பழக்கம். எவ்வளவு அதட்டியும் விடவில்லை. அப்படியானால் உயிரோடு இருக்கிறான் என்றாள். அவர் ஆமாம் என்றார். எந்த ஊரில் என்று கேட்டாள். அது எலிக்குத் தெரியாது என்றார். நாற்பத்திரண்டாம் நாளைப் பற்றி மட்டும் அவர் மூச்சுவிடவில்லை. எலி போனால் பையன் என்ன ஆவான் என்று யாரிடம் போய்க் கேட்பது? மருந்துக் கம்பெனிக்கா எழுதிக் கேட்க முடியும்? நான்கு வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது.

முப்பத்தோராம் நாள், இருபத்து இரண்டை எடுத்தபின் அவர் ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கினார், திரும்ப வைத்துவிட்டார். இருபத்து மூன்று தரையை மோந்து மோந்து போய் நடுவில் நூற்றுப்பத்து நொடி உட்கார்ந்தது. சாயங்காலம் வீட்டில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது, அதில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் வியாழக்கிழமை, இருபத்து மூன்றுக்குப் பிறகும் அவர் துடைக்கவில்லை. இருபத்து நான்கு ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு நடுவுக்கு வந்தது. அன்று இருபத்து இரண்டுக்கு முன்பும் அவர் துடைத்திருக்கவில்லை. அவர்கள் இருவரும் கணக்கிலிருந்து விழ, தான் மட்டும் கணக்கில் நிற்பது நியாயமில்லை என்று பட்டது. நோட்டில் மூன்று எலிக்கும் நேரே, துடைக்கவில்லை என்று தன் கையாலேயே எழுதினார்.

இத்தனை வருடம் இல்லாத மறதி இப்போது எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மா கேட்டார்.

"மறக்கல மேடம். வேணும்னுதான் விட்டேன்."

டாக்டரம்மா மூன்று எண்களையும் சிவப்பில் அடித்தார். "இந்த மூணும் இனிமே கணக்குல கிடையாது" என்றார். அந்த வார்த்தை அவருக்குப் புதிதல்ல. கணக்கில் இல்லாத எலியின் மூளை யாருக்கும் வேண்டாம் என்பதால், அவர் கேட்டதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்றையும் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து கூண்டு கழுவும் வேலை என்றார்கள். சரி என்றார்.

வியாழக்கிழமை எலி நடுவுக்கு வந்ததற்கு, பையன் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்தான். ரயிலில் இடம் கிடைத்திருக்காது என்றாள் மனைவி, அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இளைத்திருந்தான். சுவரோரமாகத் தன் அறைவரை போனான், பூட்டு திறந்திருப்பதைப் பார்த்தான், திரும்பி வந்தான். நடுவில் மூன்று நாற்காலிகள் கிடந்தன. மூன்றாவதில் உட்கார்ந்தான். அளப்பவரின் கட்டைவிரல், எலிகளுக்கு நேரம் பார்க்கும் கடிகாரப் பொத்தானை அழுத்தும் பழக்கதோஷத்தில் அசைந்தது. ஐந்து நிமிடம் ஆனது. யாரும் அவனைத் தூக்கி வெளியே எடுக்கவில்லை.