அறுபத்து மூன்று மாடு

நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். யாரும் கேட்காததால் என் கணவர் வெர்லின் தானாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். இருபது வருடமாகக் காபிக் கடையில் ஒரே பாட்டு: "நம்மகிட்ட ஒரு இருநூறு தேறும்." எங்களிடம் இருந்தது அறுபத்து மூன்று. அதிலும் ஒன்று நொண்டி.

கொரோனா வந்து இறைச்சி ஆலைகள் மூடியதும் மாட்டு விலை படுத்துவிட்டது. குளிர்காலத் தீவனம் வாங்கக் கையில் காசில்லை. மந்தையில் பாதியை விற்க வேண்டியதுதான் என்றிருந்தபோது, மாட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. தொலைபேசியில் எண்ணிக்கையைச் சொன்னால் போதும். வெர்லின் மாதக்கணக்கில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"ஏன்யா, பணம் வேணாமா?"

"அந்த ஆபீஸ்ல போன் எடுக்கிறது யாரு தெரியுமா? ஜோலின். டெல்மரோட மருமக."

டெல்மர் அடுத்த பண்ணைக்காரர். அவர் வாய்க்கணக்கில் முந்நூறு மாடு.

"அப்போ இருநூறுன்னே சொல்லித் தொலையேன்."

"பொய் சொன்னா ஜெயில்டி!"

"அப்போ உண்மையைச் சொல்லு."

அதற்கு ஜெயிலே தேவலை என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். இந்த மனுஷனின் ஜம்பத்துக்காக, நான் பெயர் வைத்து வளர்த்த பசுக்களை லாரியில் ஏற்றுவதா? மனுப் போடக் கடைசி நாளன்று நானே எண்ணை அழுத்தி, வாசலில் நின்றவரின் காதில் போனை வைத்துப் பிடித்தேன்.

"அறுபத்து மூணு," என்று முனகினார்.

"கேக்கல மாமா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றாள் ஜோலின்.

"அறுபத்து மூணும்மா!"

மறுநாள் காலை டெல்மரின் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. வெர்லின் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் மருமக சொல்லிட்டாளா?"

"அவ வாயத் தொறப்பாளா? வேலை போயிடும். நான் நேத்து வேலி கட்டிக்கிட்டு இருந்தேன். நீ கத்தினது எனக்கே கேட்டுச்சு." டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினார். "எங்கிட்ட அம்பத்தொண்ணுதான் வெர்லின்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டெல்மர் சிரிக்கவில்லை.

"வருஷா வருஷம் விக்கிற கன்னுகளை ஒரு முழு லாரியா குடுத்தா வியாபாரி கூட விலை தர்றான். உன்னால தனியா நிரப்ப முடியாது, என்னாலயும் முடியாது. சேர்ந்து ஏத்துவமா?"

"ஏத்துவோம்," என்றார் வெர்லின்.

நிவாரணப் பணம் வந்தது, தீவனம் வாங்கினோம். என் பசுக்களில் ஒன்றுகூடப் போகவில்லை. அக்டோபரில் இரண்டு வீட்டுக் கன்றுகளும் ஒரே லாரியில் ஏறின. வியாபாரி கொடுத்த சீட்டை வெர்லின் இரண்டு முறை படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபது வருஷம்டி," என்றார். "இருநூறுன்னு பீத்திக்கிட்டு, யார்கூடயும் சேராம, இருபது வருஷமா பாதி லாரியை அடிமாட்டு விலைக்குக் குடுத்திருக்கேன்."

திட்டுவதற்கு என்னிடம் எக்கச்சக்கமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"விடுய்யா," என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "அடுத்த வருஷத்துக்கும் லாரியை இப்பவே சொல்லி வை."