ஹேலாவின் பழுப்புக் காலணி

லூத்விக்கின் கால்பையில் என்னென்ன இருக்கிறது என்று போலந்து பாராசூட் படையில் அவனுடைய பிரிவு முழுவதற்கும் தெரியும். துப்பாக்கித் தோட்டாக்கள், மடக்கு மண்வெட்டி, கயிறு, ஸ்வெட்டர், சாப்பாட்டு டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் அடியில், மஃப்ளரில் சுற்றிய ஒரு ஜோடிப் பெண்கள் காலணி. பழுப்பு நிறம், குட்டைக் குதிகால், பக்கத்தில் பித்தளை பக்கிள். எந்த ராணுவமும் கொடுக்காத சாமான் அது.

ஸ்காட்லாந்தில் பயிற்சியில் இருந்தபோது வாங்கியது. அதன் பிறகு எத்தனை தடவை குதித்தானோ அத்தனை தடவையும் அதுவும் கூடவே குதித்தது. போர் தொடங்கிய செப்டம்பரில் வார்சாவிலிருந்து அவன் கிளம்பியபோது, வழியனுப்ப வந்த மனைவி ஹேலாவின் காலணி பாதி வழியில் அடி பிய்ந்து வாயைப் பிளந்துவிட்டது. அவள் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, டிராம் நிறுத்தம்வரை கருங்கல் தெருவில் வெறுங்காலோடு நடந்தாள்.

"வரும்போது புதுசு வாங்கிட்டு வரேன்" என்றான்.

"நீ வந்தாப் போதும்" என்றாள் ஹேலா.

ஐந்து வருடமாகிவிட்டது. அவன் தன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவள் சொன்னதை யோசிக்கப் பயந்துகொண்டு.

இந்தப் படையைத் திரட்டியதே வார்சாவில் குதிக்கத்தான் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஆகஸ்டில் வார்சா ஜெர்மானியரை எதிர்த்து எழுந்து போராடியது. இவர்களோ இங்கிலாந்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார்கள். ஆற்றங்கரைப் பகுதி விழுந்துவிட்டது, வீடுகள் எரிகின்றன என்றது ரேடியோ. ஹேலாவின் தெரு அங்கேதான். பிறகு உத்தரவு வந்தது, வேறு இடத்துக்கு, ஹாலந்துக்கு.

புறப்படும் நாளில் விமான தளத்தில் ஒரே மூடுபனி. பாராசூட்டை மாட்டுவதும், பனி விலகவில்லை என்று கழற்றுவதுமாகப் பொழுது போயிற்று. மறுநாளும் அதே கூத்து. மாட்டியதும் ஒவ்வொருவனும் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்க்க வேண்டும். இவர்களுக்கு ஒரே பாராசூட்தான், மாற்று கிடையாது. ஆகவே அந்தப் பார்வையில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை. லூத்விக்கின் முதுகைப் பார்ப்பவன் ஸெனெக், லிவோவ் நகரத்துக்காரன். அவன் கண்தான் விளையாடாது, வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்ளே, ஹாலந்துல எந்தப் பொண்ணுக்குடா இந்தச் சீர்?"

"வாயை மூடிட்டு முதுகைப் பாரு."

"பார்த்துட்டேன். பாராசூட் நல்லாத்தான் இருக்கு. மாட்டியிருக்கிற ஆளுதான் சரியில்ல."

சார்ஜென்ட் பியேலாக் வந்து கால்பையைத் தூக்கிப் பார்த்தார். குதிக்கும்போது அது காலோடு கட்டியிருக்கும். பாராசூட் விரிந்ததும் ஊசியை உருவிக் கயிற்றில் கீழே இறக்கிவிட வேண்டும். அளவுக்கு மீறிக் கனத்தால் கயிறு அறுந்து பை போயே போய்விடும்.

"கனம் ஜாஸ்தி. எதையாவது எடு."

லூத்விக் ஸ்வெட்டரை எடுத்துப் புல்லில் வைத்தான்.

"நான் சொன்னது அதை இல்லடா."

"தெரியும், சார்ஜென்ட்."

"அங்க குளிரும்."

"எனக்குத்தானே குளிரும்?"

பியேலாக் பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவருக்கும் வீடு வார்சாதான். காலணியை வெளியே எடுத்தால் ஹேலா உயிரோடு இல்லை என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். லூத்விக்குக்கு எதிரியின் குண்டைவிட அதுதான் பயம்.

ஒருவழியாகப் பனி விலகிய பிற்பகலில் டிரீல் என்ற ஊரின் புல்வெளியில் குதித்தார்கள். கீழேயிருந்து சுட்டார்கள். சிலர் தரையைத் தொடும் முன்பே போய்விட்டார்கள். லூத்விக்கின் பை பத்திரமாக இறங்கியது, பின்னாலேயே அவனும். ஸெனெக்குக்குத் தோளில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. லூத்விக் அவனைத் தாங்கிப் பிடித்து, பழத்தோட்டத்தின் ஓரமாக, காயம்பட்டவர்களைச் சேர்த்திருந்த ஒரு பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

வீட்டுக்காரி பெயர் ஹென்ட்ரிகா. நடுத்தர வயது, பேச்சு குறைவு. ஷெல் விழுந்து ஜன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஓடு பதித்த தரையெங்கும் கண்ணாடிச் சில்லு. கூட்டக்கூட மறுபடி கொட்டியது. அவள் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவாள். பின்வாசலுக்கு வந்ததும் மரச்செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே நடப்பாள். ஊர் வழக்கம் அப்படி. பிறந்தது முதல் செய்வதைக் கால் தானாகவே செய்தது. தரையில் அவள் போன வழியெல்லாம் சிவப்பு அடிகள்.

ஸெனெக்குக்கு அரைகுறை ஜெர்மன் வரும். அவளுக்கும் வந்தது. படுத்தபடியே கத்தினான்.

"செருப்போடவே உள்ள வாங்கம்மா! கால் கிழியுதே!"

"மரச்செருப்போட வீட்டுக்குள்ளயா? இது என்ன மாட்டுக்கொட்டாயா?"

தலைக்கு மேலே பாதிக் கூரை இல்லை. தோள்வலியோடும் ஸெனெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் லூத்விக் சிரிக்கவில்லை. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்து, கால்பையில் கையை அடிவரை விட்டு, மஃப்ளரைப் பிரித்தான்.

"டேய், வேணாம்டா" என்றான் ஸெனெக். குரலே மாறிவிட்டது. "நான் சும்மா கிண்டலுக்குத்தானே..."

"இது வீட்டுக்குள்ள போடறதுன்னு சொல்லு. தெருவுல நடக்காத காலணின்னு சொல்லு."

ஸெனெக் சொன்னான். அவள் பக்கிளைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரோடது?"

"என் பொண்டாட்டியோடது. கடன்தான். போறப்போ வாங்கிக்குவேன்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"வார்சாவுல."

அவளுக்கும் செய்தி தெரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை. காலைத் துடைத்துத் துணி சுற்றி மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் பெரிது, ஆனாலும் நின்றது.

அன்றிலிருந்து வெளியே மரச்செருப்பு, உள்ளே ஹேலாவின் காலணி. யாரையாவது தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம், வீட்டுக்குள் ஒரு பெண்ணின் குதிகால் டக் டக்கென்று நடப்பது லூத்விக்குக்குக் கேட்கும். கேட்ட நொடியில் மனசு நிறைந்துவிடும். அடுத்த நொடியில், சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபம் வரும்.

சில நாளில் ஊரைவிட்டுப் பின்வாங்க உத்தரவு வந்தது. அன்று காலை ஒரே மழை. ஸெனெக் கைக்கட்டோடு பின்வாசலில் காத்திருந்தான். படியில் மரச்செருப்புக்குப் பக்கத்தில் பழுப்புக் காலணி இருந்தது. ரத்தக்கறை துடைத்து, மெருகு போட்டு, மஃப்ளரை மடித்து மேலே வைத்து, முனை தெருவைப் பார்க்க வைத்திருந்தாள்.

"சொன்ன சொல் தவறல பாரு. எடுத்துக்கடா" என்றான் ஸெனெக்.

லூத்விக் கையில் எடுத்தான். உள்ளே அவள் யாருக்கோ தண்ணீர் கொடுக்கும் பேச்சுக் கேட்டது. காலடி மட்டும் கேட்கவில்லை. மறுபடி காலுறையோடுதான் நடக்கிறாள்.

காலணியைத் திரும்பப் படியில் வைத்தான், முனை வீட்டைப் பார்க்க. மஃப்ளரை மட்டும் கழுத்தில் சுற்றிக்கொண்டான்.

"ஹேலா கேட்டா என்னடா சொல்லுவே?"

"வெறுங்கால்ல நின்னவங்களுக்குக் குடுத்தேன்னு சொல்லுவேன். திட்ட மாட்டா."

நடக்கத் தொடங்கினார்கள். தோளில் மாட்டிய பை லேசாக இருந்தது. பழத்தோட்டத்தைத் தாண்டும்வரை பொறுத்தவன், பிறகு அந்த லேசைத் தாங்க முடியாமல் வாய்விட்டு அழுதான். ஸெனெக் கட்டில்லாத கையை அவன் முதுகில் வைத்துக்கொண்டே கூட நடந்தான்.