ரூபாய்க்கு ஓரணா முருகனுக்கு

சேனாதிபதி முதலாளி யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லுவார். பழனி முருகனிடம் மட்டும் சொல்லமாட்டார். அந்த ஒரு நல்ல குணம்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் ஆனிக் கார்த்திகையன்று அவரைக் கவிழ்த்தது.

வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே அவருக்கு மூன்று பஸ் ஓடியது. முதல் பஸ் வாங்கியபோதே முருகனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். லாபத்தில் ரூபாய்க்கு ஓரணா சாமி பங்கு. அதுவும் நோட்டாக அல்ல. டிக்கெட் பையில் விழுந்த ஒற்றை ரூபாய்க் காசாகவே உண்டியலில் சேரவேண்டும் என்பது வேண்டுதல். வருஷா வருஷம் மூட்டை சுமந்த மைத்துனருக்கு இந்தத் தடவை முழங்கால் வீங்கிவிட்டது. நம்பிக்கையான ஆள் என்று கண்டக்டர் மலைச்சாமியைப் பழனிக்குக் கூட்டிவந்தார். இப்படியொரு யோசனை வேறு யாருக்கு வரும், சொல்லுங்கள்.

கண்டக்டருக்கா காசு தெரியாது? ஆபீசில் ரூபாய்களை ஐம்பது ஐம்பதாக அடுக்கிப் பழைய தாளில் சுருட்டுவதே அவன் சோலிதான். அடிவாரத்தில் மஞ்சள் துணியில் மூட்டை கட்டும்போது கை தானாக எண்ணிவிட்டது. இருபத்தைந்து சுருள். ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். ரூபாய்க்குப் பதினாறு அணா; பதினாறால் பெருக்கினால் லாபம் இருபதாயிரம்.

போன வாரம்தான் இதே மனிதர் மூன்று பஸ்ஸின் ஆட்கள் பன்னிரண்டு பேரையும் ஷெட்டில் நிறுத்திவைத்து, "வருசம் பூரா ஓட்டியும் நாலாயிரம்தாம்ப்பா மிச்சம். இதுல ஆளுக்கு மாசம் பத்து ரூபா ஏத்தச் சொன்னா நான் எங்க போவேன்?" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீசனில் நிற்கக்கூட இடமில்லாமல் ஓடிய வண்டிகளுக்கு நாலாயிரமாம். பன்னிரண்டு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மலைச்சாமியும் நம்பினான். நம்பித் தொலைத்தோமே என்பதுதான் அவனுக்கு இப்போது பொறுக்கவில்லை.

பாதி மலையில் இருக்கும் இடும்பன் கோயில் வரை சுமந்து ஏறினான். அங்கே மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். முதலாளி இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே அவர் மனைவி சண்முகசுந்தரி.

"ஏலே, வெரசா எந்திரி. உச்சிக்காலத்துக்குள்ள போகணும்."

"ஒண்ணு கேட்டுக்கிறேங்க மொதலாளி. சாமிக்குச் சொன்னா இருபதாயிரம் லாபம், எங்களுக்குச் சொன்னா நாலாயிரமா?"

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "சுமக்கச் சொன்னா எண்ணியா பாத்த? முருகன் கூட்டாளி. நீ சம்பளக்காரன். நாளைக்கு நட்டம் வந்தா நீ வந்து கட்டுவியா?"

"கட்டுனோமேங்க. முந்தின வருசம் பெருமாள்மலைக்கிட்ட மண்ணு சரிஞ்சு ரோடு அடைஞ்சு கெடந்துச்சே, ரெண்டு மாசம் எங்களுக்கு அரைச் சம்பளம். யாவாரம் படுத்துருச்சு, பொறுத்துக்கங்கன்னீங்க. பொறுத்தோம். மம்பட்டி எடுத்து மண்ணையும் நாங்கதான் அள்ளுனோம். லாபத்துல பங்கு வாங்குறவரு கூட்டாளின்னா, நட்டத்துல பங்கு எடுத்தவன் யாருங்க?"

"அரைச் சம்பளமா?" என்று சண்முகசுந்தரி கணவரைப் பார்த்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி.

"நீ சும்மா இரு." முதலாளி மலைச்சாமியின் பக்கம் திரும்பினார். "ஒனக்கு வாய் நீண்டுபோச்சு. ஊருக்குப் போனதும் பையை ஒப்படைச்சுட்டு வீட்டுக்குப் போயிரு."

எட்டு வருஷத்து வேலை, ஒரே பேச்சில் போயிற்று. மலைச்சாமிக்குப் பயம்தான், இல்லையென்று சொல்வானேன். ஆனால் போனது போய்விட்டது. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? மூட்டையைத் தோளில் ஏற்றினான். சாமி காசைப் படியில் போட்டுவிட்டு ஓட அவன் என்ன திருடனா? உச்சிவரை சுமந்து, உண்டியல் முன்னால் இறக்கி, முடிச்சையும் அவனே அவிழ்த்தான்.

"மொதலாளி, நாலாயிரத்துக்குச் சாமி பங்கு அஞ்சு சுருள். நீங்க எங்ககிட்டச் சொன்னது நெசம்னா அஞ்சைப் போட்டுட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போங்க. நானே கீழ வரைக்கும் சுமந்து வர்றேன். இருபத்தஞ்சையும் போட்டீங்கன்னா, ஷெட்டுல சொன்னது பொய். ரெண்டுல ஒண்ணு நீங்களே செஞ்சு காட்டுங்க."

முதலாளிக்குச் சம்பளக்காரன் சொல்லித் தான் செய்வதா என்ற வீம்பு தலைக்கேறிவிட்டது. ஒன்று, இரண்டு என்று ஐந்து சுருளை உள்ளே தள்ளினார். மிச்சத்தைத் துணியோடு முடிந்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். பத்தடி போயிருப்பார். கால் நின்றுவிட்டது. மனைவி கூப்பிடவில்லை, மலைச்சாமியும் கூப்பிடவில்லை. சன்னதியில் மணி அடித்தார்கள். மனிதர் அப்படியே திரும்பி வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கன்னத்தில் போட்டுக்கொண்டு மீதி இருபது சுருளையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

உண்டியலைப் பார்த்தபடியே பேசினார். "மாசம் பத்து ரூபா. ஆடியிலருந்து. வேலைக்கும் வந்து சேரு."

"எழுதிக் குடுத்துருங்க மொதலாளி."

"என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க. இங்க நிக்கிற வரைக்கும் இருக்கு. கீழ எறங்கிட்டாத்தான் பயமா இருக்கு."

சண்முகசுந்தரி சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். மலைச்சாமி சட்டைப் பையிலிருந்த காலி டிக்கெட் கட்டின் அட்டையையும் பென்சிலையும் நீட்டினான். முதலாளி மண்டபத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். வேகமாக எழுதிக் கையெழுத்தும் போட்டு, "இந்தா, திருப்தியா?" என்று கொடுத்தார்.

மலைச்சாமி நிதானமாக வாசித்தான். கண்டக்டர் மலைச்சாமிக்கு ஆடி மாதம் முதல் பத்து ரூபாய் சம்பள உயர்வு. அவ்வளவுதான் இருந்தது. நல்ல காசு. வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்?

அட்டையை அவர் மடியிலேயே திரும்ப வைத்தான்.

"இதுல என் பேரு மட்டும் இருக்குங்க. இன்னும் பதினோரு பேரு இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்றேன், எழுதுங்க."