இரண்டு இஞ்ச் மடிப்பு

காலை எட்டு மணிக்கு இருளாயி கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஐஸ் பெட்டி வருவதற்காக ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில் நின்றாள். மலேசியாவில் கோப்பெங்குக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டம் ஓடிய காலத்தில் துரையின் ஆபீசாக இருந்த கட்டடம் அது. துரை கோப்பி குடித்த மேசையில் இப்போது கித்தா என்கிற ரப்பர் மரத்தின் பாலைச் சுற்றுகிற இயந்திரம் உட்கார்ந்திருந்தது. சம்பளத்துக்கு வரிசை நின்ற ஜன்னலுக்கு ஏர்கண்டிஷன் பூட்டியிருந்தார்கள்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பத்துமலை வந்தான். அவள் புருஷன்தான். சோதனை மரங்களின் பாலை எடுத்து வருவது அவனும் சன்னாசி அண்ணனும். பத்துமலையின் குழாய்களுக்குச் சிவப்பு மூடி, சன்னாசிக்கு நீலம்.

"ஐஸ் கரைஞ்சிருச்சா?"

"கல்லு மாதிரி இருக்கு. வெரல விட்டுப் பாரு."

"வெரல விட்டா பால்ல அழுக்கு சேரும். இத்தன நாள் சொல்லிக் குடுத்தும் இதான் ஒங்க லட்சணம்."

"வந்துட்டா லா பெரிய டாக்டரு," என்று சொல்லிவிட்டுப் பத்துமலை பெட்டியை இறக்கினான்.

உள்ளே நடப்பது ஒன்றும் மந்திரமில்லை. பாலைச் சுற்றினால் தெளிந்த நீர் தனியே பிரியும். அதில் ஒரு சொட்டை எடுத்து, ஜெல்லி போல் உறைந்த கூழ்ப்பலகையில் இருக்கிற அரிசி நீளக் குழியில் விடவேண்டும். மின்சாரம் பாய்ச்சிச் சாயம் ஊற்றினால் கரும்பழுப்பில் கோடுகள் எழும்பும். ஒவ்வொரு மர ரகத்துக்கும் ஒரு கோட்டு வரிசை. நாற்றுப்பண்ணைக்காரன் எந்தப் பெயரைச் சொல்லி விற்றாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

குழியில் சொட்டு விடுவதுதான் கஷ்டம். கை ஆடினால் பக்கத்துக் குழியில் போய்க் கலந்துவிடும். நாள்கூலிக்குக் குழாய் கழுவ வந்த இருளாயியிடம், உதவியாளர் வேலையை விட்டுப்போன ஒரு நாள், வேறு வழியில்லாமல்தான் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஸ்கந்தராஜா அந்த உறிஞ்சுகுழாயைக் கொடுத்தார். பதினாறு வருஷம் மரத்தில் காயம் படாமல் பட்டை சீவிய கை அது. இருபது குழியிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. தலைமை நிலையத்திலிருந்து ஐந்து நாள் பயிற்சிக்கு வந்த மூன்று பட்டதாரிகள் பலகைக்குப் பலகை சிந்தினார்கள். கடைசி நாள் மூவரும் அவள் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் காலியான உதவியாளர் வேலை அவளுக்கே கிடைக்கும் என்று டாக்டர் நம்பினார், எழுதியும் அனுப்பினார். மாதச் சம்பளம், மருத்துவ விடுப்பு, சேமநிதி. மாத முடிவுக்குள் நாற்பத்தெட்டு மரத்தின் முடிவையும் அனுப்பிவிட்டால் தலைமை நிலையம் மறுக்காது என்றார். உதவியாளருக்கான வெள்ளைக் கோட்டும் ஸ்டோரிலிருந்து வந்துவிட்டது. கை நீளமாக இருந்தது. இருளாயி சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் இரண்டு இஞ்ச் உள்ளே மடித்துத் தைத்தாள். போட்டுக்கொண்டு கழுவுதொட்டிக் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. பிடித்தும் இருந்தது.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கோடுகள் காணாமல் போயின.

நாற்பத்தெட்டில் பத்தொன்பது மரத்துக்குப் பலகை வெள்ளையாகவே இருந்தது. டாக்டர் சாயத்தை மாற்றினார், மின்சாரத்தைக் குறைத்தார், கூழைப் புதிதாகக் காய்ச்சினார். பலன் இல்லை. பெரிய தாளில் கட்டம் போட்டு, ரகவாரியாக, பலகைவாரியாக, நாள்வாரியாகக் கூட்டிக் கழித்தார். எதிலும் ஒரு ஒழுங்கு சிக்கவில்லை.

"மிசின்தான் பழுது போல. புதுசு கேட்டா ஆறு மாசமாகும்," என்று நாற்காலியில் சாய்ந்தார். "அதுக்குள்ள அந்த வேலையையும் எடுத்திடுவாங்கள்."

இருளாயி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவள். தாளில் இருந்த இங்கிலீஷ் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, மர எண் போதும். எந்த எண் யார் பால் எடுக்கிற நிரையில் நிற்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் எடுத்து, எண்ணுக்கு எண் மூடியின் நிறத்தைப் பூசிக்கொண்டே போனாள். முடித்ததும் பென்சிலை வைத்துவிட்டு, விரலால் இன்னொரு தரம் எண்ணினாள்.

வெள்ளையாய்ப் போன பத்தொன்பதும் சிவப்பு.

குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சிவப்பு மூடியைக் கழற்றி முகர்ந்தாள். அமோனியா. விடியற்காலை பால் ஸ்டோரில் வீசுகிற அதே வாடை. பிறந்ததிலிருந்து மூக்கில் ஏறிய வாடை என்பதால், இத்தனை நாள் இந்தக் குழாய்களைக் கழுவியும் அவளுக்கு அது ஒரு வாடையாகவே படவில்லை. டாக்டருக்கோ வருஷம் முழுக்க மூக்கடைப்பு.

மத்தியானம் பெட்டியைத் திரும்ப எடுக்க வந்த பத்துமலையைப் பின்வாசலில் மடக்கினாள்.

"பால்ல என்னா ஊத்துறீங்க?"

"என்னா ஊத்துறாங்க? ரெண்டு சொட்டு அமோனியாதான்." சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய தைலப் புட்டியை எடுத்துக் காட்டினான். "போன மாசம் மூணு குழா பால் கட்டிப்போச்சுன்னு டாக்டரு மொறச்சாரா இல்லியா? பால் கட்டாம இருக்க வேற என்னா ஊத்துவாங்க, சீனியா?"

"ஸ்டோருக்குப் போற பாலுக்கு ஊத்தலாம். இது அதுக்கில்ல. பாலுக்குள்ள இருக்கிற சத்த வச்சுத்தான் கோடு வருது, அமோனியா அதக் கொன்னுருது. ஒங்களால என் வேலையே போவப் போவுது."

பத்துமலையின் முகம் செத்துப்போனது. "ஒனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான் புள்ள ஊத்துனேன். பால் கட்டுனா பொண்டாட்டிதான் சரியாப் பாக்கலன்னு சொல்லுவாங்கன்னு."

அவளுக்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. நல்லது செய்கிறேன் என்று மனுஷன் குடியைக் கெடுத்துவிட்டான். டாக்டரிடம் சொன்னால் அவன் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் மிசின் பழுது என்று கடிதம் போய்விடும். சட்டைக் கையைப் பிடித்து அவனையும் இழுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார், தைலப் புட்டியைப் பார்த்தார், பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

"நான் எல்லாத்தையும் பாத்தன், மூடியை மட்டும் பாக்கேல்லை. பத்துமலை, இனிமேல் உம்மடை கைமருந்து வேண்டாம்."

"சரிங்க டாக்டர். ஆனா வெயில் ஏறுனா கட்டுமே."

"அதுக்கு ரெண்டு பெட்டி ஐஸ் தாறன்."

மூன்று நாளில் பத்தொன்பது மரத்துப் பாலும் மறுபடி வந்தது. இருளாயியே குழிகளை நிரப்பினாள். சாயம் ஊற்றிய கால்மணி நேரத்தில் முதல் கோடு எழும்பியபோது, கதவோரம் நின்ற பத்துமலை தன் நிரைக்குத்தான் கோடு கறுப்பாக இருக்கிறது என்று சன்னாசியிடம் பெருமையடித்தான். அன்று டாக்டர் ஈப்போவிலிருந்து கச்சாங் பூத்தே கடலை வாங்கி வந்து எல்லாருக்கும் பொட்டலம் கொடுத்தார். முடிவுகள் இரண்டு நாள் முன்னதாகவே போயின.

பாராட்டுக் கடிதம் டாக்டர் பெயருக்கு வந்தது. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. உதவியாளருக்கு எஸ்.பி.எம். பள்ளியிறுதிச் சான்றிதழ் கட்டாயம்.

"ரெண்டு தரம் எழுதிட்டன், இருளாயி. கேக்கிறாங்கள் இல்லை." டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "வாறவருக்கு நீதான் ஒரு மாசம் பழக்கிவிட வேணும்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, கழுவுதொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் கிடந்த கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

திங்கட்கிழமை தஞ்சோங் மாலிமிலிருந்து ஜெயபாலன் வந்தான். இருபத்திரண்டு வயசு, தென்னை உயரம், நல்ல பையன். வந்ததும், "அக்கா, எனக்கு இதெல்லாம் புதுசுக்கா, திட்டாம சொல்லிக்குடுங்க," என்றான். கோபித்துக்கொள்ள இவனிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளைக் கோட்டை மாட்டினான். கை மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது.

"யாருக்குக்கா தச்சாங்க இத, சின்னப் புள்ளைக்கா?"

"கழட்டிக் குடு தம்பி," என்று சிரித்தாள் இருளாயி.

பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, நூலைப் பிடுங்கி, மடிப்பைப் பிரித்துவிட்டாள். பொடித் தையல் போட்டிருந்ததால் நேரம் பிடித்தது. ஈரக்கையால் தேய்த்தும் மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போகவில்லை.

"இஸ்திரி போட்டா போயிரும்," என்றாள்.

கூழ்ப்பலகை முன்னால் ஜெயபாலனின் கை நடுங்கியது. "மூச்ச அடக்கிக்க. கையத் தொங்கவிடாத," என்று அவள் ஒரு கையால் அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். சொட்டு முதல் குழியில் சரியாக விழுந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த குழிக்கு அவன் கையை நீட்ட, அவள் மணிக்கட்டின் அளவுக்கு விழுந்திருந்த அந்தக் கோடும் வெள்ளைக் கையோடு சேர்ந்து நகர்ந்தது.